‘ஆன்ட்டி சிடி4’: ‘எதிர்’ வேண்டாம், ‘கவ்வி’ போதும்

அன்புள்ள ஐயா,

“ஆன்ட்டி என்றால் எதிர்தானே? ‘எதிர் மனித சிடி4 எதிர்ப்பொருள்’ என்றே வைத்துவிடலாம்” என்று, ‘ஆன்ட்டி ஹியூமன் சிடி4’ என்ற ஆன்டிபாடிக்கு (குறிப்பிட்ட ஓர் இலக்கை மட்டும் தேடிப் பிடிக்கும் நோய்த்தடுப்புப் புரதம்) தமிழ்ப் பெயர் சொல்லி எழுதியிருந்தீர்கள். அந்த ஆன்டிபாடிக் குப்பியோடு ஆய்வகத்தில் அன்றாடம் புழங்குகிறவன் என்ற உரிமையில் மறுக்கிறேன்.

முதலில் காதுக்கே ஒவ்வவில்லை. ‘எதிர் மனித’ என்றதும் மனித குலத்தின் மேல் ஏதோ தீராப் பகை போலத் தொனிக்கிறது. போதாததற்கு ஒரே தொடரில் இரண்டு ‘எதிர்’. லேபிளில் உள்ள ‘மவுஸ் ஆன்ட்டி ஹியூமன் சிடி4’ சொல்வது இவ்வளவுதான்: மனித டி அணுவின் (நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகை) மேலிருக்கும் சிடி4 என்ற ஏற்பிப் புரதத்தைப் பிடிக்கும், சுண்டெலியின் அணுவிலிருந்து வந்தது.

அது செய்யும் வேலையைப் பாருங்கள். குழாயில் நூறு மைக்ரோலிட்டர் ரத்தம், அதில் பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி துளியளவு. இருட்டில் கால் மணி நேரம். சிவப்பணுக்களை உடைத்துவிட்டு, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியில் விட்டால், 488 நானோமீட்டர் நீல லேசரைத் தாண்டும்போது சிடி4 உள்ள அணு மட்டும் பச்சையாக மினுங்கும். எச்ஐவி நோயாளிக்கு சிடி4 அணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே போய்விட்டதா என்று பார்ப்பது இப்படித்தான். இதில் யார் யாருக்கு எதிர்?

ஓகேடி3 கதை இன்னும் வேடிக்கை. டி அணுவின் மேலிருக்கும் இன்னொரு புரதமான சிடி3-ஐப் பிடிக்கும் இந்த ஆன்டிபாடியை 1986-இல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு மருந்தாகவே அமெரிக்காவில் அனுமதித்தார்கள். டி அணுக்களை அடக்கத்தான் கொடுத்தார்கள்; முதல் ஊசியிலேயே பலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும். ஏனென்றால் அது பிடித்தவுடன் டி அணுவை உசுப்பிவிடுகிறது! இன்றும் ஆய்வகத்தில் டி அணுக்களை எழுப்ப அதைத் தட்டில் பூசுகிறோம். அதைப் போய் ‘எதிர் சிடி3’ என்பதா?

‘பற்றி’ என்று ஒரு நண்பர் சொன்னார். அழகான சொல்தான். ஆனால் ‘சிடி4 பற்றி’ என்று எழுதினால் கட்டுரைத் தலைப்பு ஆகிவிடும். அதனால்தான் ‘கவ்வி’ என்கிறேன். ஒய் வடிவில் இரண்டு கைகள், இரண்டின் நுனியும் கவ்வும். அடக்கினாலும் உசுப்பினாலும் சும்மா அடையாளம் காட்டினாலும், கவ்வுவது மட்டும் மாறாது. ‘சிடி4 கவ்வி’, ‘சிடி3 கவ்வி’. ஆன்டிபாடிக்குப் பொதுப்பெயராக நம் பாடநூலின் ‘எதிர்ப்பொருள்’, இலங்கையின் ‘பிறபொருளெதிரி’ இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

அப்புறம் ‘மோனோகுளோனல்’. அதை ‘ஒற்றை நகல்’ என்பது எனக்குப் பிடிக்கவில்லை. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் செய்தது, ஆன்டிபாடியைச் சுரக்கும் பி அணுவைப் புற்றணுவோடு இணைத்து, அப்படி இணைந்த ஒரே ஓர் அணுவின் வாரிசுகளை மட்டும் பெருக்கியது. வாரிசு வரிசைக்கு நம்மிடம் ‘கால்வழி’ இருக்கிறதே! ‘ஒருகால்வழிக் கவ்வி’ என்றால் என்ன குறை?

இன்னொன்று, ‘மவுஸ்’ என்பதை வெறும் ‘எலி’ என்று எழுதிவிடாதீர்கள். எலியிலிருந்து, அதாவது ‘ரேட்’டிலிருந்து, வரும் கவ்விகளும் அலமாரியில் உண்டு. எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் தமிழில் குறிப்பெடுக்கும்போது இரண்டையும் ‘எலி’ என்றே எழுதிவைத்து, சாயம் ஏற்றிய இரண்டாம் ஆன்டிபாடியை (முதல் ஆன்டிபாடி எந்த விலங்கிலிருந்து வந்ததோ அதற்கேற்ப அதைப் பிடிப்பது) மாற்றிப் போட்டுவிட்டாள். அன்று முழுக்கத் திரையில் ஒரு புள்ளிகூட மினுங்கவில்லை.