வட்டவடை உருளைக்கிழங்குக்கு மூட்டை உரமா, தொழு உரமா?

கோவிலூர்க்காரன்:
அடுத்த போகத்துக்கு நிலம் தயாராகிறது. இடுக்கி மலையில் எங்கள் வட்டவடைப் பக்கம் பலரும் உருளைக்கு பாக்டம்பாஸும் (நைட்ரஜனும் மணிச்சத்தும் சேர்ந்த ரசாயன மூட்டை உரம்) யூரியாவும்தான் போடுகிறார்கள். இரண்டையும் அடியோடு நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. நம் மலைமண் ஏற்கெனவே அமில மண், இந்த உரங்கள் அமிலத்தை இன்னும் ஏற்றும். சரிவில் மழை அடித்தால் நைட்ரேட் கரைந்து பாம்பாற்றில் இறங்கும், அங்கிருந்து அமராவதி அணைக்குப் போகும். கீழே அந்தத் தண்ணீரை நம்பி இருப்பதும் நம் ஜனங்கள்தான். சிக்கிமும் மலைதான். 2016-இல் முழு இயற்கை விவசாய மாநிலம் என்று அறிவித்தார்களே!

மேட்டுக்காடு:
அண்ணே, இலங்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2021-இல் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள், அந்த நவம்பரிலேயே விலக்கிக்கொண்டார்கள். கணக்குக்கு வருவோம். ஒரு டன் கிழங்கு சுமார் 3 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பொட்டாஷும் மண்ணிலிருந்து எடுக்கும். ஏக்கருக்கு 8 டன் என்றால் 24 கிலோ நைட்ரஜன், 40 கிலோ பொட்டாஷ். தொழு உரத்தில் நைட்ரஜன் அரை சதவீதம்தான். முதல் வருடம் அதில் மூன்றில் ஒரு பங்கு பயிருக்குக் கிடைத்தாலும் 14 டன்னுக்கு மேல் வேண்டும். மாடு குறைந்த ஊரில் அவ்வளவு சாணத்துக்கு எங்கே போவது? உடுமலையிலிருந்து லாரியில் ஏற்றினால் வாடகையே கிழங்கு விலையைத் தின்றுவிடும்.

கோவிலூர்க்காரன்:
எல்லாமே சாணத்தில் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை தம்பி. முந்தின போகத்தில் பட்டாணி போட்டு, காய் பறித்ததும் செடியை மடக்கி உழுதால் நைட்ரஜனில் ஒரு பங்கு அங்கேயே வந்துவிடும். பொட்டாஷுக்கு அடுப்புச் சாம்பல் இருக்கிறது.

பழத்தோட்டம்:
சாம்பலில் பொட்டாஷ் 5 சதவீதம் என்று வைத்தாலும், 40 கிலோவுக்கு ஏக்கருக்கு 800 கிலோ சாம்பல் வேண்டும். அவ்வளவு கொட்டினால் சுண்ணாம்பு போட்ட மாதிரிதான். அமிலம் குறைந்ததும் கிழங்குத் தோலில் சொறி நோய் வந்துவிடும். சுண்ணாம்பை உருளைக்கு முன்னால் போடாதீர்கள், கோஸ் போடும் போகத்தில் போடுங்கள். பச்சைச் சாணமும் வேண்டாம், நன்றாக மக்கியது மட்டும்.

நீங்கள் இருவரும் தொடாத ஒன்று இருக்கிறது. பாக்டம்பாஸ் மூட்டையில் 20-20-0-13 என்று இருக்கும். மூன்றாவதாக வரும் பூஜ்யம்தான் பொட்டாஷ், 13 என்பது கந்தகம். உருளை அதிகம் கேட்கும் சத்தே அந்த மூட்டையில் கிடையாது! வருடாவருடம் அதையே போட்டால் மண்ணில் பொட்டாஷ் தீர்ந்துபோகாமல் என்ன செய்யும்? அதே 40 கிலோ பொட்டாஷ், ஒன்றரை மூட்டைக்கும் குறைவான மூரியேட் பொட்டாஷில் (பொட்டாசியம் குளோரைடு) கிடைத்துவிடும். சிப்ஸுக்குக் கொடுப்பவர்கள் சல்பேட் பொட்டாஷ் வாங்கட்டும், குளோரைடு கிழங்கின் மாவுச்சத்தைக் குறைக்கும். மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) ராக் பாஸ்பேட் என்ற பாறைத்தூள் போதும், அமில மண்ணில் அது மெல்லக் கரைந்து கிடைக்கும். முதலில் மண்ணைச் சோதித்துப் பாருங்கள்.

மேட்டுக்காடு:
பாக்டம்பாஸை விட்டுவிடுகிறேன், சரி. ஆனால் செடியின் அடியில் மண் அணைக்கும்போது கொஞ்சம் யூரியா இல்லாமல் செடி வெளுத்துப்போகும். பட்டாணியை மட்டும் நம்பிக் கடன் வாங்கி நட முடியாது அண்ணே.

கோவிலூர்க்காரன்:
பொட்டாஷ் மூட்டைக்குச் சம்மதிக்கிறேன், யூரியாவுக்கு மாட்டேன். போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டாகப் பிரித்துப் போட்டு உடனே மண்ணால் மூடு. பெருமழை வரும் நாளில் கையாலும் தொடாதே தம்பி.