சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக்: கடைக்காரங்கள மட்டும் புடிச்சா போதுமா?

கோவை நர்ஸ்:
வாளையாறு தாண்டுனா கேரளாவுல 2024 ஜனவரில இருந்து ஆபரேஷன் அம்ரித்னு மெடிக்கல் ஷாப்புக்குள்ள திடீர்னு போயி செக் பண்றாங்க, டாக்டர் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் வித்தா நடவடிக்கை. இங்க நம்மூர்ல சளின்னு சொன்னதும் அசித்ரோமைசின் மூணு மாத்திரை அட்டைய எடுத்து நீட்டறாங்க. நான் ஐசியூல வேலை செய்யறேங்க. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்கற கல்ச்சர் ரிப்போர்ட் வந்தா பக்கம் பூரா மருந்து பேரு, எதுக்கால வரிசையா ஆர், ஆர், ஆர்னு இருக்கும், அந்தக் கிருமி ஒரு மருந்துக்கும் மசியாதுன்னு அர்த்தம். தேவையில்லாம ஆன்டிபயாடிக் முழுங்க முழுங்க கிருமி இப்படித்தான் பழகிப்போகுது. மெரோபெனம்னு பெரிய ஆன்டிபயாடிக்கும் கேக்காம போயி கடைசீல கோலிஸ்டின்னு இன்னொண்ணு போடறோம், கிட்னிய பாதிக்கும்னு தெரிஞ்சே போடறோம். சீட்டு இல்லாம குடுக்கற கடை லைசென்ஸ ரத்து பண்ணோணும்.

கோபி மெடிக்கல்:
ஏனுங்க சிஸ்டர், எல்லாத்துக்கும் கடைக்காரந்தானா கெடச்சான்? சீட்டு பாத்து, கணக்கெழுதித்தான் விக்கோணும்னு சில மருந்துகளுக்குப் போட்ட பட்டியல், ஹெச்1 ஷெட்யூல், 2014 மார்ச்லயே வந்துருச்சுங்க, அதுல இருக்கற செபிக்சிம்ங்கற ஆன்டிபயாடிக் குடுத்தா டாக்டர் பேரு, நோயாளி பேரு, எத்தன மாத்திரை எல்லாம் தனி நோட்டுல எழுதி மூணு வருசம் வெச்சிருக்கோணும், நான் எழுதறேன். ஆனா ரெண்டு நாள் சளிக்குப் போன பையனுக்கு டாக்டரே செபிக்சிம் எழுதி அனுப்பறாரு, அது முறையான சீட்டு, நான் என்ன பண்ணட்டும்? வைரஸ் காய்ச்சலுக்கு அது ஆகாதுன்னு எனக்கும் தெரியும், பி.பார்ம் படிச்சவந்தான். எழுதறவரு மேல ஒரு கேள்வியும் இல்லீங்களே.

திருப்பூர் டெய்லர்:
படிச்சவிய பேசறீங்க, என்ற மாதிரி ஆளுகள யாரு நெனைக்கறா? பனியன் கம்பெனில ஒன்றரை ஷிப்ட் பாக்கறவ ஜிஹெச் ஓபில போயி நின்னா அன்னைக்கு கூலி போச்சு, பீஸ்ரேட்டுல லீவு சம்பளமெல்லாம் ஏதுங்க. பிரைவேட்டுக்குப் போனா பீஸு, அப்புறமேட்டுக்கு ரத்த டெஸ்ட்டு. மெடிக்கல் அண்ணன் ராத்திரி பத்து மணிக்கும் தொறந்திருப்பாரு. அதையும் பூட்டிப்போட்டா நாங்க எங்க போறது?

கோவை நர்ஸ்:
உங்க கஷ்டம் நெசம் தங்கச்சி. ஆனா சளி காய்ச்சலுக்கு அந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாதுங்க, மூணு நாலு நாள்ல தானா கொறையறத மாத்திரைல கொறஞ்சுதுன்னு நெனச்சுக்கறோம். பாராசிட்டமால தடை பண்ணச் சொல்லி யாரும் கேக்கல. நெசமாலுமே ஆன்டிபயாடிக் வேண்டிய சீக்கு வந்தாத்தான் இதுல ஆபத்து எச்சு. நிமோனியா அரைகொறையா அடங்கி மறுபடி கெளம்பும். டிபி இருக்கறவிய இருமலுக்குன்னு கடைல லெவோபிளாக்சசின்ங்கற ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்குனா சித்த நாளைக்கு நல்லா இருக்கற மாதிரி இருக்கும், அதுக்குள்ள சளி டெஸ்ட்ல புடிபடாம நாள் தள்ளிப்போயி வீட்டுல இருக்கற கொழந்தைக்கும் ஒட்டிக்கும். கூலி போகுதுன்னு சொல்றீங்க, ஆறு மாசம் டிபி மாத்திரை முழுங்கறப்ப எத்தன கூலி போகும்?

நாமக்கல் பண்ணை:
நடுவுல வர்றேங்க. கோலிஸ்டின்னு சிஸ்டர் சொன்னாங்கல்ல, அத கோழித் தீவனத்துல கலக்கறது சாதாரணமா நடந்துட்டிருந்துச்சு, 2019 ஜூலைல மத்திய அரசு தடை போட்டுச்சு. எங்களுக்கும் நொம்ப பயம், குஞ்சு செத்துப்போனா யாரு பொறுப்புன்னு. அப்புறம் தண்ணில குளோரின், ஷெட்டுக்குள்ள கண்டவிய வராம பாக்கறது, தடுப்பூசிய நாள் தவறாம போடறதுன்னு பழகிட்டோம். பண்ணை ஓடுது. கண்டிப்பா சொன்னா மாறிக்குவோமுங்க, மெடிக்கல்காரங்களும் மாறிக்குவாங்க.

கோபி மெடிக்கல்:
பண்ணையும் கடையும் ஒண்ணில்லீங்க தம்பி. நான் இல்லேன்னா அந்தாளு நாலு கடை தள்ளி வாங்கிக்குவாரு, ஒழுங்கா இருக்கறவனுக்குத்தான் யாவாரம் போகும். எல்லாக் கடைக்கும் ஒரே நாள்ல, ஆன்லைன்ல விக்கறவங்களையும் சேத்து அமல்படுத்துங்க, சீட்டு இல்லாம தர்றதில்லேன்னு மொத ஆளா நான் போர்டு மாட்டறேன். அதோட டாக்டருக எழுதற சீட்டையும் எடுத்துப் பாருங்க, இந்த காய்ச்சலுக்கு இது எதுக்குன்னு அவியளையும் கேளுங்க. என்னைய மட்டும் கேட்டா ஒத்துக்க முடியாது.

திருப்பூர் டெய்லர்:
ஷிப்ட் விடற நேரத்துக்கு எங்க ஏரியால ஓபி இருந்தா நான் ஏனுங்க கடைல கேக்கறேன்? அத மொதல்ல பண்ணச் சொல்லுங்க, அப்புறம் சீட்டு கேளுங்க.

கோவை நர்ஸ்:
டாக்டர் சீட்டையும் பாக்கோணும், ராத்திரி ஓபியும் வேணும், ரெண்டுக்கும் நானும் கையெழுத்து போடறேன். ஆனா அதெல்லாம் வர்ற வரைக்கும் குடுத்துட்டே இருப்போம்னு சொன்னா அத ஏத்துக்க மாட்டேங்க. கோபி அண்ணா, மத்தது கெடக்கட்டும், நோட்டுல எழுதற அந்த ஹெச்1 மருந்துகளையாவது சீட்டு இல்லாம தர்றதில்லேன்னு உங்க ஊர் மெடிக்கல்காரங்க எல்லாம் கூடிப்பேசி முடிவு பண்ண முடியுமா, முடியாதா?