புதுப்பிப்பு: ஊட்டிக் குளிரில் அடம்பிடித்த டீசல் ஜீப்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: ஊட்டியில் காலை ஆறு மணிக்கு ஜீப்பை ஸ்டார்ட் செய்தால் வெறுமனே சுற்றுகிறது, கடைசியில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு எழுகிறது என்று. பாதிப் பேர் பேட்டரி என்றீர்கள், பாதிப் பேர் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரின் உள்ளே சூடேற்றும் பிளக்) என்றீர்கள். இரண்டுமே சரி.

நான்கு பிளக்கில் இரண்டு செத்திருந்தன. மெக்கானிக் மீட்டரை வைத்துக் காட்டினார்: நல்லதில் ஒரு ஓம் அளவு, செத்ததில் முள் அசையவே இல்லை. டீசலில் ஸ்பார்க் கிடையாது, அழுத்திய காற்றின் சூட்டில்தான் எரிய வேண்டும். சிலிண்டர் சில்லென்றிருந்தால் எரியாத டீசல்தான் அந்த வெள்ளைப் புகை. பேட்டரியும் 12.2 வோல்ட்தான் காட்டியது, அதாவது பாதி சார்ஜ்.

பிளக்கை மாற்றி, பேட்டரியை சார்ஜ் ஏற்றியபின் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது. ஆனால் என் கையிலும் தப்பு இருந்தது. சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கு (பிளக் சூடாகிறது என்று காட்டுவது) அணையும்வரை நான் பொறுத்ததே இல்லை. இப்போது அணைந்த பிறகு, கிளட்சை மிதித்து, அதிகபட்சம் பத்து விநாடி சுற்றுவேன். பிடிக்காவிட்டால் அரை நிமிடம் ஸ்டார்ட்டருக்கு ஓய்வு.

கால் மணி நேரம் ஐடிலில் உறுமவிடுவதையும் நிறுத்திவிட்டேன் (பக்கத்து வீட்டு அக்காவுக்கு நிம்மதி). அரை நிமிடத்தில் கிளம்பி, சூட்டு முள் எழும்வரை 2000 ஆர்பிஎம் தாண்டுவதில்லை.

ஈதர் ஸ்ப்ரே (எஞ்சின் சட்டென்று பிடிக்க அடிக்கும், எளிதில் தீப்பற்றும் திரவம்) அடிக்கச் சொன்ன நண்பருக்கு: ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது வெடிக்கலாம், வேண்டாம் சாமி.