ஒசாகாவில் இரண்டு குழந்தைகளோடு ஐந்து நாள்: வழி சொல்லுங்கள்

ஏப்ரல் முதல் வாரம் ஜப்பானின் ஒசாகா போகிறோம். மகளுக்கு 5 வயது, மகனுக்கு இன்னும் இரண்டு நிறையவில்லை. கையுகான் மீன் காட்சியகத்துத் திமிங்கலச் சுறாவுக்காக மகள் இப்போதே சுவரெல்லாம் சுறா வரைந்து வைத்திருக்கிறாள். அதற்கு ஒரு நாள் முழுதும் ஒதுக்கிவிட்டோம். மான்கள் சுற்றித் திரியும் பக்கத்து ஊரான நாராவில்தான் தயக்கம். பிஸ்கட்டைப் பார்த்தால் மான்கள் முட்டித் தள்ளுமாமே, சின்னவனைத் தள்ளுவண்டியில் கூட்டிப்போகலாமா?

பெரிய கவலை சாப்பாடு. நாங்கள் சைவம், அங்கே காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறு கலந்திருக்கும். குழந்தைகளுக்குத் தயிர்சாதமாவது பிசைந்து கொடுக்க, சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப்போக நினைக்கிறேன். ஆனால் அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர்க் குக்கரில் அரிசி வேகுமா? ஒசாகாவின் நம்பா பகுதியில் தங்குகிறோம். அருகில் நம்பிச் சாப்பிடக்கூடிய சைவக் கடை இருந்தால், போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.