கறிக்குப் போற அமெரிக்கா குதிரைய காப்பாத்தி கே.வி.குப்பத்துக்கு கொண்டாற முடியுமா?

குப்பத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் லூசுத்தனமா தெரியலாம், திட்டறவங்க முழுசா படிச்சிட்டு திட்டுங்க. எங்களுக்கு கே.வி.குப்பம் பக்கம் மூணு ஏக்கர் இருக்கு, பாதி தென்னை, மீதி சும்மா கெடக்குது, போர் தண்ணி இருக்கு, ரெண்டு கறவை மாடு இருக்கு. பொண்ணு பத்தாவது படிக்கிறா. அவ போன்ல எப்பப் பாரு அமெரிக்காவுல குதிரைங்கள கொட்டடியில அடைச்சி வச்சி வீடியோ போடறானுங்களே அதத்தான் பாக்கறா. "வெள்ளிக்கிழமை லாரி வருது, அதுக்குள்ள யாரும் காசு கட்டலன்னா இது மெக்சிகோவுக்கு கறிக்குப் போயிடும்"னு போட்டு கீழ ஒரு நம்பர் தரானுங்க. இப்ப ஒரு செவலை பொட்டைக் குதிரை, நெத்தியில வெள்ளைச் சுட்டி, அதுக்கோசரம் ராத்திரி சோறு துன்னாம உக்காந்துகினு கீறா. என் சம்சாரம் வேற "நம்ம நிலம் சும்மாதானே கெடக்குது"ன்னு அவகூட சேந்துகிச்சி.

இது நெசமா, இல்ல காசு புடுங்கற வேலையா? நெசம்னா இங்க கொண்டாற வழி இருக்கா? வழி இல்லன்னா இங்கயே அனாதையா இருக்கற குதிரை ஒண்ண வாங்கி வச்சி காப்பாத்த முடியுமா, மாடு வளத்த கைக்கு குதிரை படியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலாத்துக்காரன்:
ஏம்பா, குதிரை வேணும்னா கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு பொண்ண இட்டுகினு போ. தூண் தூணா குதிரை நிக்குது, புல்லு கேக்காது, சாணி போடாது, லாடம் அடிக்க வாணாம். வெளாட்டுக்கு சொன்னேன். ஆனா மூணு ஏக்கர் இருக்குதுன்னு குதிரை வாங்கறது எனக்கு சரியாப் படல, மனுசனுக்கே தண்ணி இல்லாத ஊரு இது.

ஆம்பூர் டு டெக்சாஸ்:
நான் ஆம்பூர் பொண்ணு, இப்ப டெக்சாஸ்ல இருக்கேன், எங்க வீட்டுக்காரர் கூட வேலை செய்யறவங்க வீட்ல இப்படி ஒரு குதிரை எடுத்து வச்சிருக்காங்க, வார லீவுல நானும் போய் கூடமாட ஒத்தாசை பண்றேன், அதனால முதல் கேள்விக்கு நான் பதில் சொல்றேன்.

கறிக்குப் போறது நெசம்தான் அண்ணா. அமெரிக்காவுக்குள்ள குதிரை வெட்டற தொழிற்சாலை கடைசியா மூணு இருந்துச்சு, ரெண்டு இங்க டெக்சாஸ்ல, ஒண்ணு இல்லினாய்ல, மூணும் 2007ல மூடியாச்சு. மூடினா குதிரைங்க பொழைச்சிடும்னு நெனைச்சாங்க, ஆனா லாரி ஏத்தி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு காலத்துல வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல போச்சு. மெக்சிகோ குதிரைக் கறிய ஐரோப்பாக்காரங்க 2015ல இருந்து வாங்கறது இல்ல, ஏன்னா இங்க குதிரைக்கு கால் வலின்னா பியூட்னு ஒரு மாத்திரை சர்வ சாதாரணமா குடுப்பாங்க, அது மனுஷன் சாப்பிடற மாட்டுக்கோ ஆட்டுக்கோ குடுக்கவே கூடாத மருந்து, எந்தக் குதிரைக்கு எப்ப குடுத்தாங்கன்னு கணக்கும் கெடையாது. அதுக்கப்புறம் போறது நல்லா கொறைஞ்சிடுச்சு, இன்னும் நிக்கல. லாரியில தீனி தண்ணி இல்லாம 28 மணி நேரம் வரைக்கும் கொண்டு போலாம்னு இங்க சட்டமே இருக்கு, அதப் படிச்ச அன்னிக்கு எனக்கும் சோறு எறங்கல, அதனால உங்க பொண்ண நான் கிண்டல் பண்ண மாட்டேன்.

ஆனா அந்த வீடியோ போடற ஆளு யாருன்னு பாருங்க. பாதி பேரு அந்தக் குதிரைய ஏலத்துல எடுத்த யாவாரியேதான், இல்லன்னா அவனுக்கு புரோக்கர். கறிக்குப் போட்டா வர்ற காசவிட ரெண்டு மூணு பங்கு வச்சி "இது உயிரோட விலை"ன்னு கேப்பான். நீங்க கட்டினா அந்தக் குதிரை பொழைக்கும், அத நான் மறுக்கல. அந்தக் காசுல அவன் அடுத்த ஏலத்துல இன்னும் ரெண்டு எடுத்துகினு வருவான், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு புது வீடியோ. லாரியில எண்ணிக்கை கொறையாது. கட்டின காசுக்கு குதிரை எங்க போச்சுன்னு சொல்லாத பக்கங்களும் இருக்கு, வேலூர்ல உக்காந்துகினு நீங்க யாரப் போய் கேப்பீங்க?

எடுத்தவங்க பட்ட பாட்டையும் சொல்லிடறேன். வீடியோவுல சாதுவா நிக்கற குதிரைக்கு மயக்க மருந்து குடுத்திருக்கானா, நொண்டற குதிரைக்கு வலி மாத்திரை குடுத்து நேரா நடக்க வச்சிருக்கானா, பாத்து சொல்லவே முடியாது. ஏலத்துல நாலு ஊர் குதிரை ஒரே கொட்டடியில நிக்கறதால சளிக் காய்ச்சல் மாதிரி ஸ்ட்ராங்கிள்ஸ்னு ஒண்ணு ஒட்டிக்கும், தாடைக்குக் கீழ கட்டி கட்டியா வரும், அதனால வீட்டுக்கு வந்ததும் வேற குதிரைங்க கிட்ட விடாம ஒரு மாசமாச்சும் தனியா வைக்கணும். பொட்டைக் குதிரைன்னா செனையா இருக்கவும் வாய்ப்பு இருக்கு, அப்ப ஒண்ணு எடுத்தா ரெண்டு. பொண்ணுகிட்ட மெதுவா சொல்லுங்க, யாவாரியோட நம்பருக்கு வாணாம்னு.

ராணிப்பேட்டை ரிட்டயர்டு:
கால்நடைத் துறையில இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். ரெண்டாவது கேள்விக்கு சுருக்கமா: மறந்துடுங்க. வெளிநாட்டுக் குதிரைய கொண்டாற 1898ம் வருஷத்து லைவ்ஸ்டாக் இம்போர்டேஷன் சட்டம் இன்னிக்கும் நடைமுறையில இருக்கு, மத்திய கால்நடைத் துறை அனுமதி, அங்க தனிமைப்படுத்தி ரத்தப் பரிசோதனை, இங்க வந்து மறுபடி குவாரன்டைன், விமானத்துல குதிரைக்குன்னு தனிக் கூண்டு. பந்தயக் குதிரைய கொண்டாறவன் பண்ற வேலை இது. அந்தக் காசுல உங்க பொண்ணுக்கு காலேஜ் சீட்டு வாங்கிடலாம்.

மூணாவது கேள்வி நல்ல கேள்வி, அதுல நெறைய சொல்ல இருக்கு. இங்கயே கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டித் தேய்ஞ்சது, ஜட்காவுல இருந்து கழட்டி விட்டது, ரோட்ல பிளாஸ்டிக் மேஞ்சிகினு இருக்கறதுன்னு குதிரைங்க இருக்கு. நேரா வீட்டுக்கு ஓட்டிகினு வந்துடாதீங்க. முதல் வேலை ரத்தப் பரிசோதனை. கிளாண்டர்ஸ்னு ஒரு வியாதி, மூக்குல சீழ் வரும், தோல்ல புண்ணு வரும், மனுஷனுக்கும் ஒட்டும். இருக்குன்னு உறுதியானா 2009ம் வருஷ சட்டப்படி குதிரைய கொன்னுடணும், வைத்தியம் பாக்க அனுமதி கெடையாது. அரசு கால்நடை டாக்டர்கிட்ட சொன்னா ரத்தம் எடுத்து அனுப்புவாங்க, இதுக்குன்னே ஹிசார்ல தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கு. ரிசல்ட் வர்ற வரைக்கும் பொண்ணு பேரு வச்சி கொஞ்ச ஆரம்பிக்காம பாத்துக்குங்க, பேரு வச்சிட்டா அப்புறம் ரிசல்ட் பாக்க மனசு வராது.

அடுத்தது தீனி. மாட்டுக்கு நாலு வயிறு மாதிரி அறை, அசை போட்டு எதையும் செரிக்கும். குதிரைக்கு வயிறு ஒண்ணுதான், அதுவும் சின்னது, நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா மேஞ்சிகினே இருக்கணும், தப்பானது துன்னுட்டா வாந்தி எடுக்கவும் முடியாது. வைக்கோல் மட்டும் போட்டா குடல்ல அடைச்சிக்கும். மாட்டுக்குப் போடற நேப்பியர் புல்லுல ஆக்சலேட் இருக்கு, தவுட்டுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, ரெண்டையும் மாசக்கணக்குல போட்டா எலும்புல இருக்கற சுண்ணாம்பு கரைஞ்சி மூஞ்சி எலும்பு வீங்கும். குதிரை மசால் பேருலயே இருக்கு, அத ஒரு பாத்தி போடுங்க, காஞ்ச புல்லு வேணும், கொள்ளு ஊற வச்சி அளவா. முந்நூறு கிலோ நாட்டுக் குதிரைக்கு காஞ்ச கணக்குல தெனம் ஆறு கிலோ தீனி, தண்ணி இருபது முப்பது லிட்டர், நம்ம ஊர் கத்திரி வெயில்ல இன்னும் மேல. உப்புக்கட்டி கட்டி விடுங்க.

வயித்து வலி வந்து குதிரை படுத்துப் புரளும் பாருங்க, அதுதான் பெரிய பயம். வேலூர்ல மனுஷனுக்கு சி.எம்.சி இருக்கு, வங்காளத்துல இருந்தெல்லாம் ரயில் ஏறி வரான். குதிரைக்கு ஆபரேஷன்னா நாமதான் சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறணும், 140 கிலோமீட்டர் கிட்ட, நடு ராத்திரியில எந்த வண்டியில ஏத்துவீங்கன்னு இப்பவே யோசிச்சி வைங்க.

குப்பத்துக்காரன்:
அக்கா, சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா எழுதினத பொண்ணுகிட்ட அப்படியே படிச்சி காட்டினேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அப்ப அந்த சுட்டிக் குதிரை?"ன்னா. என்ன சொல்றதுன்னு தெரியல. சரி இங்க ஒண்ணு எடுக்கறதுன்னா ரிட்டயர் ஆன பந்தயக் குதிரை சும்மாவே தராங்கன்னு ஒருத்தர் சொல்றாரு, அது எப்படி?

வாணியம்பாடி ஜட்கா:
பந்தயக் குதிரை வாணாம் ண்ணா. எங்க தாத்தா ஜட்கா ஓட்டினவரு, வாப்பாவும் கொஞ்ச நாள் ஓட்டினாரு, ஷேர் ஆட்டோ வந்தப்புறம் வித்துட்டாங்க, ஆனா வீட்ல குதிரைப் பேச்சு இன்னும் ஓயல. பந்தயக் குதிரை கையில காட்டுத்தனமா இழுக்கும், தோல் மெலிசு, நம்ம வெயிலு ஈ கொசு ஒண்ணும் தாங்காது, முதல் தடவை வளக்கறவங்களுக்கு ஆவாது. மட்டக் குதிரை, நாட்டுக் குதிரை, நல்லா வயசாகி அடங்கினது, அதப் பாருங்க. வயசு பல்லப் பாத்துதான் சொல்லணும், விக்கறவன் சொல்றது எல்லாமே ஏழு வயசுதான்.

யாரும் இன்னும் குளம்பப் பத்தி சொல்லல. குதிரைக்கு காலுதான் உசுரு. ஆறேழு வாரத்துக்கு ஒருக்கா குளம்பு சீவணும், தார் ரோட்ல ஓட்டலன்னா லாடம் கூட வாணாம் ஆனா சீவாம விட முடியாது. பொய்கை சந்தையில லாடம் அடிக்கறவங்க இருப்பாங்கன்னு யாராவது சொல்லுவாங்க, மாட்டு லாடம் வேற, மாட்டுக்கு கால கட்டி படுக்க வச்சி ரெண்டு துண்டா அடிப்பாங்க, குதிரைக்கு நின்னபடியே கால தூக்கி அடிக்கணும், அது தெரிஞ்ச ஆளு நம்ம பக்கம் விரல் விட்டு எண்ணிடலாம். முதல்ல அந்த ஆள புடிங்க, வர்றேன்னு சொல்லட்டும், அப்புறம் குதிரைய புடிங்க. எங்க வாப்பாகிட்ட கேட்டு ரெண்டு பேரு நம்பர் தனியா அனுப்பறேன்.

இன்னொண்ணு, ஒத்தக் குதிரைய விட்டுட்டா அதுக்கு பைத்தியம் புடிச்சிடும். கூட்டமா இருந்த ஜாதி அது. உங்க மாடு கண்ணுல படற மாதிரி கட்டுங்க, கழுதை ஒண்ணு கெடைச்சா இன்னும் நல்லது. ஆத்து மணல்ல தீனி கொட்டாதீங்க, புல்லோட மணலும் உள்ள போயி வயித்துல தங்கிடும், பாலாத்து ஓரம் வளத்தவங்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

பாலாத்துக்காரன்:
இத்தினி செலவுக்கு நாலு கறவை மாடு வாங்கினா பால் கறக்கலாம், குதிரை இன்னாத்துக்கு ஆவும்? சவாரியும் போவ முடியாத கெழட்டுக் குதிரைக்கு மாசாமாசம் காசு கொட்டணும்னு சொல்றீங்களேப்பா.

ஆம்பூர் டு டெக்சாஸ்:
மாமா, லாபத்துக்கு யாரும் கேக்கலையே. ஆனா செலவு பேச்சு வரட்டும், வந்தாதான் நல்லது. குதிரை இருபத்தஞ்சு முப்பது வருஷம் வாழும். இப்ப பதினஞ்சு வயசுக் குதிரை எடுத்தா பொண்ணு கல்யாணம் ஆகி போனப்புறமும் அது தொழுவத்துல நிக்கும், அப்ப யாரு குளம்பு சீவ ஆள் கூப்பிடறது? அண்ணா, உங்க சம்சாரத்துகிட்ட கேளுங்க, நிலம் சும்மா கெடக்குதுன்னு சொன்னவங்க காலைல அஞ்சு மணிக்கு லத்தி அள்ளுவாங்களான்னு. அவங்க ஆமான்னா எடுங்க. தயங்கினா ஏதாவது நல்ல காப்பகத்துல இருக்கற ஒரு குதிரையோட தீனிச் செலவ மாசாமாசம் ஏத்துக்குங்க, லீவுல பொண்ண இட்டுகினு போய் ஒரு வாரம் லத்தி அள்ள விடுங்க. அதுக்கப்புறமும் வேணும்னு சொன்னா அது வேற பேச்சு.

குப்பத்துக்காரன்:
சம்சாரம் படிச்சிட்டு "நான் எப்ப லத்தி அள்ளறேன்னு சொன்னேன்"னு கேட்டுகிச்சி. அதனால இப்போதைக்கு முடிவு இதுதான்: அமெரிக்காவுக்கு காசு அனுப்பல. பரிட்சை முடிஞ்சதும் பொண்ண ஒரு காப்பகத்துக்கு இட்டுகினு போறேன். கொட்டாய மட்டும் இப்பவே தயார் பண்ணி வைக்கலாம்னு இருக்கேன், குதிரை வரலன்னா கன்னுக்குட்டிக்கு ஆவும். பாய், நம்பர் வந்துச்சு, பேசினேன், காட்பாடி பக்கம் வந்தா எட்டிப் பாக்கறேன்னாரு. ரிட்டயர்டு சார், ஒரே ஒரு கேள்வி, வேலி ஓரமா முழுக்க அரளிதான் வச்சிருக்கோம், பூவு கோயிலுக்குப் போவுது. மாடு இதுவரைக்கும் தொட்டது இல்ல. குதிரை துன்னுமா?

ராணிப்பேட்டை ரிட்டயர்டு:
பசி எடுத்தா துன்னும். கொஞ்சம் எலையே போதும், நெஞ்சு நின்னு போயிடும். வேரோட புடுங்குங்க. வெட்டி அங்கயே போட்டுடாதீங்க, பச்சை எலை கசக்கும்னு ஒதுக்கற குதிரை காஞ்ச எலைய புல்லோட சேத்து துன்னுடும், காஞ்சாலும் விஷம் போவாது. ஆமணக்கு இருந்தா அதையும் எடுத்துடுங்க. சீமைக்கருவேலம் இருந்தா காய் விழற காலத்துல அந்தப் பக்கம் கட்டாதீங்க. வேலிக்கு முள்ளுக்கம்பி வாணாம், மிரண்டு ஓடினா தோல கிழிச்சிக்கும், குதிரைக்கு டெட்டனஸ் சட்டுன்னு வந்துடும். கோயிலுக்கு பூ வேணும்னா அரளி ரெண்டு செடி வீட்டு முன்னாடி வச்சிக்குங்க, தொழுவத்துப் பக்கம் வாணாம்.