எல்லா றிப்போட்டும் நோர்மலாம், ஆனா எனக்குக் குந்தி எழும்பவே ஏலாமக் கிடக்கு

செம்பருத்தி:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப் போறன், குறை நினைக்காதேங்கோ. எனக்கு 34 வயசு, கொக்குவில், ரவுணுக்குள்ள ஒரு ஒபிஸில கணக்கு வேலை. போன மார்கழியில தொடங்கினது எண்டு நினைக்கிறன், முதல்ல சும்மா அலுப்பு எண்டு விட்டிட்டன், பேந்து பாத்தா இரவு எட்டு மணித்தியாலம் படுத்து எழும்பினாலும் கண்ணே மூடாத மாதிரித்தான் விடியுது. நாரியும் துடையும் உளையுது, நோ எண்டும் சொல்ல ஏலாது, எலும்புக்குள்ள இருந்து ஏதோ இழுக்கிற மாதிரி. குந்தி இருந்து மீன் வெட்டினா எழும்பக் கை ஊண்ட வேணும், அம்மாக்கு 63, அவ சும்மா எழும்பிப் போறா, நான் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். தோய்ஞ்சா தலைமயிர் கை நிறைய வருது. ஆறு கிலோ கூடிட்டன், சாப்பாடு ஒண்டும் கூடேல்லை. ஒபிஸில ஏசி போட்டா நான் மட்டும் சோல் போத்திக்கொண்டு கிழவி மாதிரி இருக்கிறன். பீரியட்ஸ் வந்தா எட்டு நாள். எல்லாத்தையும் விட எனக்குப் பயம் இந்த மறதிதான், போன கிழமை ஒரே வவுச்சரை ரெண்டு தரம் பதிஞ்சுபோட்டு மனேஜரிட்ட ஏச்சு வாங்கினனான்.

முதல் டொக்டர் பனடோலும் விற்றமின் பியும் தந்தவர். ரெண்டாவது ஆளைச் சனல் பண்ணி ரெண்டரை மணித்தியாலம் காத்திருந்து உள்ள போனா ரெண்டு நிமிசம், கலியாணம் கட்டியாச்சோ எண்டு கேட்டார், இல்லை எண்டன், அப்ப யோசனைதான் எண்டுபோட்டு நித்திரைக் குளுசை எழுதினார். வீட்டுக்கு வந்து அழுதனான், பொய் சொல்லேல்லை. அம்மா ஒரு பக்கம் கண்ணூறு எண்டு மிளகாய் சுத்திப் போடுறா.

மூண்டாவதா பாத்த டொக்டர் அம்மா நல்லவ, ரிஎஸ்எச்சும் (தைரொயிட்டைச் சுரக்கச் சொல்லி ஏவுற ஓமோனாம்) விற்றமின் டியும் எடுக்கச் சொன்னவ. ரிஎஸ்எச் 3.1, றிப்போட்டில போட்டிருக்கிற அளவு 0.4 இல இருந்து 4 வரை, அப்ப தைரொயிட் நோர்மலாம். விற்றமின் டி 11 நனோகிராம். அதுக்குக் கிழமைக்கு ஒண்டு 50,000 யூனிற் குளுசை, எட்டுக் கிழமைக்கு, இப்ப அஞ்சு போட்டாச்சு. உளைவு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி, மற்றதெல்லாம் அப்பிடியே கிடக்கு.

எனக்குத் தெரிய வேண்டியது, இந்த எரிக்கிற வெய்யிலுக்குள்ள இருந்துகொண்டு விற்றமின் டி எப்பிடி இவ்வளவு குறையும்? மற்றது, தைரொயிட் ஒரு ரெஸ்ற்றோட முடிஞ்சுதோ? என்ர பெரியம்மாக்குக் கழுத்தில கழலை எண்டு ஒப்பிரேசன் செய்தது, அதாலதான் கேக்கிறன்.

வடமராட்சி வாத்தி:

தங்கச்சி, வெய்யில் ஊருக்கு அடிக்குது, உங்களுக்கு அடிக்குதோ எண்டதுதான் கேள்வி. என்ர மனுசிக்கும் இதே கதை, அவவுக்கு 14. நானும் உங்களை மாதிரித்தான் சிரிச்சனான், பருத்தித்துறைக் கடற்கரையில பிறந்தவளுக்கு வெய்யில் காணாதாம் எண்டு. பேந்து அவவின்ர ஒரு நாளை யோசிச்சுப் பாத்தன். காலமை ஏழரைக்கு ஸ்கூட்டி, முழுக்கைக்கு மேல ஒரு கைச்சட்டை, கையுறை, சொக்ஸ், ஹெல்மெட்டுக்குள்ள ஒரு சோல், வங்கிக் கொள்ளைக்குப் போற மாதிரி. பிறகு பின்னேரம் அஞ்சு மட்டும் ஏசிக்குள்ள. ஞாயிறு எண்டா உள்ள சமையல், வெளியில குடை. கறுத்துப் போவாய் எண்டு சின்னனில இருந்து சொல்லிச் சொல்லியே எங்கட பொம்பிளைப் பிள்ளையளை வெய்யில் படாம வளத்து வைச்சிருக்கிறம்.

காலமை இளவெய்யில் நல்லது எண்டு அம்மம்மா சொல்லுறது உடம்புக்கு இதமா இருக்கும், ஆனா விற்றமின் டிக்கு அது காணாது, தோலில அதை உண்டாக்கிற யூவிபி கதிர் வெய்யில் உச்சிக்கு ஏறேக்கதான் வடிவா வரும், பத்து மணியில இருந்து மூண்டு மணி மட்டும். யன்னல் கண்ணாடிக்குள்ளால அது வராது, ஒபிஸ் யன்னலடியில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தா வேர்க்கும், அவ்வளவுதான். எங்கட கறுத்தத் தோலுக்கு வெள்ளைக்காரரை விடக் கூட நேரமும் வேணும். நான் வெய்யிலுக்க போய்க் காய்ஞ்சு விழச் சொல்லேல்லை, மனுசி இப்ப பத்தரைக்குக் கையுறை இல்லாம உடுப்புக் காயப்போடுறா. சாப்பாட்டில எண்டா சூடை, சாளை, முட்டை மஞ்சக்கரு, அதுவும் கொஞ்சம்தான் தரும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில மச்சம் இல்லை எண்டா அதுவும் இல்லை.

தைரொயிட் பற்றி எனக்குத் தெரியாது, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

லண்டன் குளிர்:

அக்கா, இங்க இலையுதிர் காலத்திலயும் குளிர் காலத்திலயும் ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிற், எல்லாரையும் யோசிச்சு எடுக்கச் சொல்லி அரசாங்கமே சொல்லுது. ஒண்டு கவனியுங்கோ, இங்கத்த றிப்போட் நனோமோலில வரும், அங்க நனோகிராம், உங்கட 11 இங்க 27 எண்டு வரும், ரெண்டரையால பெருக்கினா சரி. சொந்தக்காரரோட போனில நம்பரை ஒப்பிட்டுப் பயப்பிடாதேங்கோ. நான் எண்டா எட்டுக் கிழமைக்குப் பிறகும் அந்த 50,000 ஐ விடமாட்டன், விற்றமின்தானே, கூடினாலும் ஒண்டும் செய்யாது.

ரெஸ்ற் ரியூப்:

லண்டன் தம்பி, முதல் பாதி சரி, கடைசி வரி பிழை, கோவிக்காதேங்கோ. விற்றமின் சி எண்டா கூடினது சலத்தோட போயிடும், டி கொழுப்பில கரையிற சாமான், உடம்பில தேங்கும். கூடிப் போனா ரத்தத்தில கல்சியம் ஏறும், தாகம், சத்தி, மலச்சிக்கல், சிறுநீரகத்தில கல்லு. எட்டுக் கிழமை எண்டா எட்டுக் கிழமை, பிறகு டொக்டர் சொல்லுற சின்ன அளவு. சாப்பாட்டோட போடுங்கோ, வெறும் வயித்தில போட்டா வடிவா உறிஞ்சாது.

இப்ப தங்கச்சியின்ர கதைக்கு வாறன். நான் லாபில 29 வருசம் நிண்டனான், ரிஎஸ்எச் பாத்துப் பாத்துக் கண் போனது. விற்றமின் டி 11 எண்டா நாரி உளைவுக்கும் துடையில சக்தி இல்லாததுக்கும் காரணம் சொல்லும், குந்தி எழும்ப ஏலாதது அதின்ர பழைய அடையாளம். ஆனா ஏசிக்குள்ள குளிருறது, நிறை ஏறினது, பீரியட்ஸ், மறதி, உதுகளை டியின்ர தலையில கட்டேலாது. உது தைரொயிட் சுரக்கிறது குறைஞ்ச ஆக்கள் சொல்லுற கதை, அதோட பெரியம்மாக்கும் இருந்திருக்கு.

எண்டபடியா ஒரு கேள்வி. தலைமயிருக்கு எண்டு ஏதும் குளுசை போடுறீங்களோ? முடி, தோல், நகம் எண்டு போட்டு வெளிநாட்டில இருந்து வாற போத்தல்?

ஏன் கேக்கிறன் எண்டா அதுகளில பயோற்றின் எண்டு ஒரு விற்றமின் இருக்கும். கன லாப் மெஷினுகள் தைரொயிட் பாக்கேக்க இந்தப் பயோற்றினைத்தான் பசை மாதிரிப் பாவிக்கிறது, ரத்தத்தில தேடுற சாமானை ஒரு இடத்தில ஒட்டிப் பிடிச்சுக் கணக்கெடுக்க. உங்கட ரத்தத்திலயே பயோற்றின் நிறையக் கிடந்தா அது போய் அந்தப் பசை பிடிக்கிற இடமெல்லாத்தையும் நிரப்பிப்போடும், உண்மையான ரிஎஸ்எச் ஒட்ட இடமில்லாமக் கழுவுப்பட்டுப் போகும். தைரொயிட் சுரக்கிறது குறைஞ்சா ரிஎஸ்எச் ஏற வேணும், மெஷின் அதைக் குறைச்சுக் காட்டும். தைரொயிட் சுரக்கிற ஓமோனைப் பாக்கிற ஃப்ரீ ரி4 ரெஸ்ற் மற்றப் பக்கத்தால வேலை செய்யிறது, அது கூட்டிக் காட்டும். அப்ப சுரக்காத ஆளுக்கு நோர்மல் எண்டு றிப்போட் வரும், நோர்மலான ஆளுக்குக் கூடச் சுரக்குது எண்டு வரும். 2017 இல அமெரிக்காவின்ர மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. எல்லா மெஷினும் அப்பிடி இல்லை, ஆனா உங்கட லாபில எந்த மெஷின் எண்டு எங்களுக்குத் தெரியாதே. குறைஞ்சது ரெண்டு நாள் முதலே நிப்பாட்ட வேணும், கூடின டோஸ் எண்டா நான் ஒரு கிழமை சொல்லுவன்.

அடுத்த தரம் ரிஎஸ்எச்சோட ஃப்ரீ ரி4 உம் எழுதச் சொல்லிக் கேளுங்கோ, ரிஎஸ்எச் வாறது மூளைக்குக் கீழ இருக்கிற பிற்றூட்டரியில இருந்து, பிழை அங்க எண்டா ரிஎஸ்எச் மட்டும் பாத்தா பிடிபடாது. மகப்பேறில கடுமையா ரத்தம் போன பொம்பிளையளுக்கு அப்பிடி வாறது உண்டு. மற்றது அன்ரி ரிபிஓ, எங்கட உடம்பே எங்கட தைரொயிட்டை அடிக்குதோ எண்டு காட்டுறது, 1912 இல ஹஷிமொட்டோ எண்ட ஜப்பான் டொக்டர் சொன்ன வருத்தம், அவற்ற பேர்தான் அதுக்கு. எட்டு நாள் பீரியட்ஸ் எண்டபடியா ஃபெரிற்றினும், அதாவது சேமிப்பு இரும்பின்ர அளவும், பாருங்கோ, ஹீமோகுளோபின் சரி எண்டு விடாதேங்கோ, சேமிப்பில இருக்கிற இரும்பு முதல்ல தீரும், ஹீமோகுளோபின் கடைசியாத்தான் விழும். எப்பவும் ஒரே லாப், ஒரே காலமை நேரம், ரிஎஸ்எச் இரவில ஏறிப் பகலில இறங்கிற சாமான். எல்லாத்தையும் நீங்களே போய்க் காசைக் கொட்டி எடுக்காதேங்கோ, அந்த டொக்டர் அம்மாவிட்டயே போய்க் கதையுங்கோ.

செம்பருத்தி:

ஐயோ அண்ணை!! இப்பதான் அலுமாரியைத் திறந்து பாத்தன். கனடாவில இருந்து மச்சாள் சித்திரையில அனுப்பின போத்தல், பயோற்றின் 10,000 மைக்ரோகிராம் எண்டு கிடக்கு. ரத்தம் குடுக்கப் போன அண்டைக்கும் காலமை போட்டுட்டுத்தான் போனனான், விற்றமின்தானே எண்டு டொக்டரிட்டயும் சொல்லேல்லை. தலைமயிர் கொட்டுது எண்டுதானே போட்டனான், கொட்டுறதுக்குக் காரணத்தைத் தேடப்போன இடத்தில அதுவே மறைச்சுப்போட்டுதோ?

ரெஸ்ற் ரியூப்:

மறைச்சிருக்கலாம், கட்டாயம் எண்டு சொல்லமாட்டன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் காணும், நீங்கள் போட்டது பத்தாயிரம். நிப்பாட்டிப்போட்டு ஒரு கிழமையால போங்கோ, போத்தலையும் டொக்டரிட்டக் கொண்டு போய்க் காட்டுங்கோ.

அடுப்படி அக்கா:

நான் பன்னிரண்டு வருசமா தைரோக்சின், அதுதான் தைரொயிட் குளுசை, போடுற ஆள் பிள்ளை, அதால சும்மா இருக்க ஏலேல்லை. றிப்போட் வரமுதல் ஆற்றையும் குளுசையை வாங்கிப் போட்டுப் பாத்திடாதேங்கோ, என்ர ஒண்டுவிட்ட தங்கச்சி அப்பிடிச் செய்து நெஞ்சு படபடத்து ஓட்டோவில பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினது. உங்களுக்கு எழுதினா, வெறும் வயித்தில தண்ணியோட, பிறகு அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலம் ஒண்டும் வேண்டாம், தேத்தண்ணி கூட இல்லை. நான் முதல் ஆறு மாசம் பால்த் தேத்தண்ணியோட போட்டுட்டு ஏன் வேலை செய்யேல்லை எண்டு டொக்டரோட சண்டை பிடிச்சனான். கல்சியமும் இரும்பும் நாலு மணித்தியாலம் தள்ளி. ஒருக்கா டோஸ் மாத்தினா ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை பொறுக்க வேணும், நாலாம் நாளே மாற்றம் தெரியேல்லை எண்டு அழாதேங்கோ.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லுவினம், கோவா தொடாதே, கூழுக்கு மரவள்ளி போடாதே எண்டு. நாள் முழுக்க அதையே திண்டு, உப்பில அயடினும் இல்லாட்டித்தான் கவலைப்பட வேணும், சமைச்சு அளவாச் சாப்பிடலாம் எண்டுதான் எனக்குச் சொன்னவை. உப்பு எண்டா, எங்கட நாட்டில 1995 இல இருந்து அயடின் சேத்த உப்புத்தான் சட்டம், ஆனா அதை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில சிரட்டையில திறந்து வைச்சா அயடின் போயிடும், மூடி உள்ள போத்தலில வையுங்கோ. உங்கட அம்மாவின்ர குசினியையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ.

மற்றது, கலியாணம் கட்டியாச்சோ எண்டு கேட்டவருக்கு என்ர சார்பில ரெண்டு சொல்லு. இதில எழுதினா அட்மின் அழிச்சுப்போடுவார்.

செம்பருத்தி:

மூண்டு கிழமையால வாறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நடுவில தேர்த் திருவிழாவும் வந்திட்டுது. போத்தலை நிப்பாட்டி ஒன்பதாம் நாள் அதே லாபில அதே நேரத்துக்குக் குடுத்தனான். ரிஎஸ்எச் 8.7. ஃப்ரீ ரி4 அளவுக்குள்ளதான், ஆனா கீழ்க்கரையில ஒட்டிக்கொண்டு. அன்ரி ரிபிஓ அவை போட்டிருக்கிற அளவை விடக் கனக்கக் கூட. ஃபெரிற்றின் 9. ஹீமோகுளோபின் 12.1, அதைப் பாத்தா ஒருத்தரும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டினம்.

டொக்டர் அம்மா போத்தலை வாங்கி வடிவா வாசிச்சிட்டு, இதை நான் முதலே கேட்டிருக்க வேணும் எண்டு சொன்னவ. எனக்கு அதிலயே பாதி வருத்தம் போன மாதிரி. 3.1 முழுக்க பயோற்றினாலதான் எண்டு சத்தியம் பண்ணேலாதாம், ரிஎஸ்எச் தானாவும் ஏறி இறங்குமாம், ஆனா அன்ரி ரிபிஓவும் இருக்கிறபடியா, வருத்தமும் இவ்வளவு இருக்கிறபடியா 50 மைக்ரோகிராம் தைரோக்சின் தொடங்குவம் எண்டவ. அலுப்பு எது எதால எண்டு கேட்டன், டி, இரும்பு, தைரொயிட் மூண்டும் ஒண்டாச் சேந்து கிடக்கு, பிரிச்சுச் சொல்ல ஏலாது எண்டவ. அஞ்சரைக்கு எலாம் வைச்சுத் தைரோக்சின், பதினொண்டரைக்கு இரும்பு, சாப்பிட்ட கையோட தேத்தண்ணி இல்லை. அம்மா குளுசை நேரமெல்லாத்தையும் கலண்டரில எழுதித் தொங்கவிட்டிருக்கிறா, உப்புச் சிரட்டையும் போயிட்டுது. ஆறு கிழமையால திரும்ப ரத்தம் குடுக்க வேணும்.

நேற்றுக் குந்தி இருந்து கணவாய் வெட்டினனான், ஒரு கைதான் ஊண்டினது.

மச்சாளுக்குத்தான் இன்னும் சொல்லேல்லை. ராத்திரி போன் எடுத்தவ, அடுத்த பார்சலில ரெண்டு போத்தல் வைச்சிட்டாவாம்.