ஒருவருக்குச் சேர்த்த மதிப்பெண் எல்லோருக்கும் போய்விடுகிறது

வணக்கம். பைத்தான் நிரல்மொழியில் கிளாஸ் (ஆப்ஜெக்ட்களை உருவாக்க உதவும் வார்ப்பு) எழுதப் பழகிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. 'மாணவர்' என்ற கிளாஸில், எந்த மெத்தடுக்குள்ளும் (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன்) வைக்காமல் மேலேயே 'மதிப்பெண்கள்' என்று ஒரு வெற்று லிஸ்ட்டையும், 'வருகை' என்று 0-வையும் எழுதினேன். இரண்டு ஆப்ஜெக்ட் உருவாக்கி, முதலாவதின் லிஸ்ட்டில் 87-ஐ அப்பெண்ட் செய்தால் (கடைசியில் சேர்த்தால்) இரண்டாவதிலும் 87 வந்து நிற்கிறது! வருகையோடு செல்ஃப் (self, அந்தந்த ஆப்ஜெக்ட்டைக் குறிக்கும் பெயர்) வழியாக 1 கூட்டினால் மட்டும் தனித்தனியாகவே இருக்கிறது. இந்த ஓரவஞ்சனைதான் புரியவில்லை.

லிஸ்ட்டை இனிட்டுக்குள் (__init__, ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் மெத்தட்), செல்ஃபோடு சேர்த்து எழுதியதும் சரியாகிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வெற்று லிஸ்ட்டை இனிட்டின் டீஃபால்ட் மதிப்பாக (எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) கொடுத்துப் பார்த்தேன். பழைய பேய் திரும்பி வந்துவிட்டது.

இரண்டுக்கும் ஒரே காரணமா? எண்ணுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? திருத்திய நிரல் வேண்டாம், உள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது விளக்க முடியுமா?